ஆப்பை அழித்தும் பணம் போகுதா? செல்போனில் '1 ரூபாய்' சந்தா வலை: தப்பிப்பது எப்படி?

சென்னை,

"ஒரே ஒரு ரூபாய்தான் சார் கட்டினேன். அந்த ஆப்பை அன்னைக்கே அழிச்சிட்டேன். இப்போ பேங்க்ல இருந்து 399 ரூபாய் போயிருக்கு. யார் எடுத்தாங்கன்னே தெரியல."

செல்போன் சர்வீஸ் கடைகளிலும் வங்கி கவுண்டர்களிலும் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. தொகை மாறும். ஒருவருக்கு 199, இன்னொருவருக்கு 499, வேறொருவருக்கு 999. கதை மட்டும் ஒன்றுதான்.

பணம் போனவர்கள் முதலில் நினைப்பது, "யாரோ அக்கவுண்டை ஹேக் பண்ணிட்டான்" என்று. பெரும்பாலும் அப்படி எதுவும் நடந்திருக்காது. வெளியில் இருந்து திருடன் யாரும் வரவில்லை. கதவை திறந்து விட்டது கணக்கு வைத்திருப்பவரேதான். எப்போது திறந்தோம் என்பதுதான் அவருக்கு நினைவில் இல்லை.

இந்த விஷயத்தில் முதலில் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டியது ஒன்று. செல்போனில் இருந்து ஆப்பை அழித்தால் ஆப் மட்டும்தான் போகும். சந்தா போகாது. இரண்டும் இருக்கும் இடமே வேறு.

1 ரூபாய்க்கு பின்னால் என்ன?

வியாசர்பாடியில் இட்லி கடை நடத்தும் ஒரு அம்மா என்று வைத்துக்கொள்வோம். மதியம் கொஞ்சம் ஓய்வு. செல்போனில் ஒரு நாடகம் ஓடுகிறது. ஒன்றிரண்டு நிமிஷத்தில் ஒரு 'எபிசோட்' முடிந்துவிடும் குட்டி நாடகம். மருமகளை மாமியார் வீட்டை விட்டு துரத்துகிற கட்டம். அந்த நேரம் பார்த்து வாசல் கதவை திறந்துகொண்டு யாரோ உள்ளே வருகிறார்கள். யார்?

அடுத்த எபிசோடுக்கு பூட்டு! "வெறும் 1 ரூபாய். 7 நாள் எல்லாமே பார்க்கலாம்" என்கிறது திரை.

ஒரு ரூபாய்தானே? அதுக்கு இப்போ ஒரு டீ கூட வராது. அந்த அம்மா பட்டனை அமுக்குகிறார். ஜிபேயோ போன்பேயோ திறக்கிறது. பின் நம்பரை போடுகிறார். பூட்டு திறந்துவிடுகிறது. உள்ளே வந்தது யார் என்பதும் தெரிந்துவிடுகிறது.

அவரை பொறுத்தவரை இது பெட்டிக்கடையில் ஒரு ரூபாய்க்கு மிட்டாய் வாங்கியது மாதிரி. காசு கொடுத்தோம், பொருள் வாங்கினோம், கணக்கு முடிந்தது. ஆனால் அவர் பின் நம்பர் போட்டது 1 ரூபாய்க்கு மட்டும் அல்ல. "இனிமேல் இந்த கம்பெனி கேட்கும்போது என் கணக்கில் இருந்து எடுத்துக் கொடுத்துடுங்க" என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்த உத்தரவுக்கும் சேர்த்துத்தான்.

இதற்கு பெயர் யு.பி.ஐ. ஆட்டோபே. யு.பி.ஐ.யை நடத்தும் தேசிய பண பரிவர்த்தனை கழகம் 2020-ம் ஆண்டு ஜூலை மாதம் இதை கொண்டு வந்தது. உண்மையில் இது நல்ல வசதி. செல்போன் பில், இன்சூரன்ஸ், சீட்டு மாதிரி மாதாமாதம் சேமிக்கும் மியூச்சுவல் பண்டு எல்லாம் தேதி தவறாமல் தானாக போய்விடும். கடைசி நாளை மறந்து அபராதம் கட்டும் வேலை இல்லை. கோளாறு வசதியில் இல்லை. அதை 1 ரூபாய் மிட்டாய் காகிதத்தில் சுற்றி கொடுப்பதில் இருக்கிறது.

திரையில் என்ன எழுதியிருக்கிறது?

பின் நம்பர் போடும் முன்பு ஒரு திரை வரும். எல்லாரும் அவசரத்தில் தாண்டிப் போவது அதைத்தான். அதில் பெரிய எழுத்தில் 1 ரூபாய் இருக்கும். கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மெயின் விஷயம்.

முதலில் அதிகபட்ச தொகை. 399 ரூபாய் சந்தாவுக்கு அந்த இடத்தில் 399 என்று இருக்கலாம். அதைவிட பெரிய தொகையும் இருக்கலாம். 'இவ்வளவு வரைக்கும் எடுக்கலாம்' என்பது அதன் அர்த்தம். அடுத்தது எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பது. மாதம், 3 மாதம், வருஷம் என்று இருந்தால் புரிந்துவிடும். 'கேட்கும்போதெல்லாம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை இருந்தால் உஷாராகிவிட வேண்டும். அதற்கு தேதி கணக்கே கிடையாது. கடைசியாக, எந்த வருஷம் வரை செல்லும் என்று இருக்கும். 10 வருஷம், 20 வருஷம் தள்ளி ஒரு தேதி இருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கு இல்லை.

வீட்டு வாடகை ஒப்பந்தமே 11 மாசத்துக்குத்தான் போடுகிறோம். ஒரு நாடக ஆப்புக்கு 20 வருஷ ஒப்பந்தம்!

இந்த உத்தரவுக்கு பின் நம்பர் ஒரே ஒரு தடவைதான். அதற்கு அப்புறம் ஒவ்வொரு முறை பணம் போகும்போதும் பின் கேட்காது. ஓ.டி.பி.யும் வராது. எவ்வளவு தொகை வரை இப்படி கேட்காமல் எடுக்கலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2019-ல் கார்டுகளுக்கு முதலில் விதி போட்டபோது அது 2 ஆயிரம் ரூபாய். 2021-ல் 5 ஆயிரம் ஆனது. 2022 ஜூன் மாதம் 15 ஆயிரம் ஆக்கிவிட்டார்கள். இன்சூரன்ஸ், மியூச்சுவல் பண்டு, கிரெடிட் கார்டு பில் ஆகியவற்றுக்கு மட்டும் 2023 டிசம்பரில் 1 லட்சமாக உயர்த்தப்பட்டது.

ஆக, 199-ம் 399-ம் இந்த வரம்புக்குள் எங்கோ ஒரு மூலையில் கிடக்கின்றன. கேள்வியே இல்லாமல் போய்விடும்.

பேப்பர் பையை கழற்றினால் பில் நிற்குமா?

"அதான் ஆப்பை அழிச்சாச்சே?" என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி.

வீட்டு வாசலில் தொங்கும் பேப்பர் பையை கழற்றி வீசிவிட்டால் பேப்பர் ஏஜெண்டு பில் போடுவதை நிறுத்திவிடுவாரா? மாட்டார். நேரில் போய், "அண்ணே, அடுத்த மாசத்துல இருந்து பேப்பர் வேணாம்" என்று சொல்ல வேண்டும். அதே கதைதான் இங்கேயும்.

செல்போனில் இருக்கிற ஆப் வெறும் வாசல் பை. பணம் எடுக்கிற உத்தரவு வங்கி கணக்கோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. நாடக ஆப்பை அழித்தாலும் அது இருக்கும். போனை மாற்றினாலும் இருக்கும். கோபத்தில் ஜிபேயையே அழித்துவிட்டு போன்பேக்கு மாறினாலும் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். உத்தரவை வாபஸ் வாங்கினால்தான் நிற்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், ஆப்பை அழித்தவர்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். ஆப் இருந்தாலாவது சந்தா எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம். அழித்தவருக்கு ஆப்பின் பெயரே மறந்து போயிருக்கும். பாஸ்புக்கில் வருவதோ ஆப்பின் பெயர் அல்ல, அதை நடத்தும் கம்பெனியின் பெயர். "இந்த கம்பெனி யாருன்னே தெரியாதே" என்று அவர் திகைக்கிறார். ஹேக் செய்துவிட்டார்கள் என்ற பயம் வருவது இந்த இடத்தில்தான்.

ஒரு நாள் முன்னாடி வரும் மெசேஜ்

"சொல்லாம கொள்ளாம எடுத்துட்டாங்க" என்பது பாதி உண்மைதான். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாக வாடிக்கையாளருக்கு தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. யார் எடுக்கிறார்கள், எவ்வளவு, எப்போது என்ற விவரம் அதில் இருக்க வேண்டும். அந்த ஒரு தடவையை மட்டுமோ, மொத்த உத்தரவையுமோ வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்க வேண்டும். இந்த வசதிக்கு வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கவும் கூடாது.

விதி நன்றாகத்தான் இருக்கிறது. மெசேஜும் வருகிறது. ஆனால் எதற்கு நடுவில் வருகிறது? "உங்களுக்கு 5 லட்சம் கடன் ரெடி" என்று ஒன்று. "ரீசார்ஜ் முடிய 2 நாள்" என்று ஒன்று. நகைக்கடை தள்ளுபடி ஒன்று. ரம்மி விளையாட கூப்பிட்டு ஒன்று. இந்த கும்பலுக்கு நடுவில் ஆங்கிலத்தில் 2 வரி. மெசேஜ் பெட்டியை திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டவர்கள்தான் அதிகம். ஓ.டி.பி. வந்தால் மட்டும் எட்டிப் பார்ப்பார்கள்.

2021-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி கார்டுகளுக்கு இந்த விதி கட்டாயமானபோது நடந்தது இன்னும் வேடிக்கை. புது விதிக்கு தயாராகாத வங்கிகளில் தானியங்கி கட்டணங்கள் நின்று போயின. படம் நின்றது, பாட்டு நின்றது. அன்றைக்கு பலரும் ரிசர்வ் வங்கியைத்தான் திட்டினார்கள். அந்த விதி இல்லை என்றால் இன்றைக்கு ஒரு நாள் முன்னதாக வரும் அந்த 2 வரி கூட வராது.

இன்னொரு விஷயமும் சேர்த்து தெரிந்துகொள்ள வேண்டும். 2025 ஆகஸ்ட் 1-ந் தேதி முதல் யு.பி.ஐ. ஆட்டோபே பணம் எடுக்கும் நேரத்தை கூட்டம் இல்லாத வேளைக்கு மாற்றிவிட்டார்கள். காலை 10 மணிக்கு முன்பு, பகல் 1 மணி முதல் மாலை 5 மணி வரை, இரவு 9.30 மணிக்கு மேல். காலையில் எழுந்ததும் "பணம் போயிடுச்சு" என்று மெசேஜ் பார்த்து அலறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ராத்திரி தூங்கும்போது யாரோ புகுந்துவிட்டான் என்ற சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

"கணக்கில் காசே வைக்கலைன்னா எப்படி எடுப்பான்?" என்று கேட்பவர்களும் உண்டு. ஒருமுறை பணம் வராவிட்டால் மேலும் 3 தடவை முயன்று பார்க்கலாம் என்று விதி இருக்கிறது. நடுவில் சம்பளமோ, மகன் அனுப்பிய பணமோ வந்து விழுந்தால் அதோடு சரி.

399 ரூபாய் போனால் போகட்டுமே?

மாத சம்பளம் நிறைய வாங்குபவருக்கு 399 பெரிய விஷயம் இல்லை. பிரச்சினை அன்றாடம் சம்பாதிப்பவருக்குத்தான். ஆட்டோவுக்கு தவணை 5-ந் தேதி என்றால் 4-ந் தேதி ராத்திரி சரியாக அந்த பணத்தை கணக்கில் போட்டு வைப்பார். கூட 50 ரூபாய் இருந்தால் அதிகம். அன்று ராத்திரி ஆட்டோபே 399-ஐ எடுத்துக்கொண்டால் மறுநாள் தவணைக்கு பணம் குறையும். தவணை திரும்பிவிடும். அதற்கு வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனி தனியாக ஒரு அபராதம், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு. பல இடங்களில் இது சில நூறு ரூபாய் ஆகிவிடும். சிபில் மதிப்பெண்ணும் அடிவாங்கும். அடுத்த கடனுக்கு போய் நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

1 ரூபாயில் ஆரம்பித்த கதை ஆட்டோ தவணையில் போய் முடிகிறது.

மாணவர்கள் கதை வேறு மாதிரி. ஆங்கிலம் பேச ஒரு ஆப், உடற்பயிற்சிக்கு ஒரு ஆப், போட்டோவை அழகாக்க ஒரு ஆப் என்று ஆளுக்கு நாலைந்து '1 ரூபாய்' இருக்கும். ஒவ்வொன்றும் வெவ்வேறு தேதி. வீட்டில் அனுப்பும் மெஸ் பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக கரையும். அப்பாவிடம் சொல்லவும் முடியாது.

உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒன்பது வழி

சேருவதற்கு ஒரு பட்டன் போதும். விலகுவதற்கு? பக்கம் பக்கமாக போக வேண்டும். "நிஜமாவே எங்களை விட்டு போறீங்களா?" என்று ஒரு பக்கம். "பாதி விலைக்கு தர்றோம்" என்று ஒரு பக்கம். "இருக்கிறேன்" என்ற பட்டன் பளபளவென்று பெரிதாக இருக்கும். "விலகுகிறேன்" என்பது மங்கலான சாம்பல் நிறத்தில் கீழே ஒளிந்திருக்கும்.

இது தற்செயலாக அமைந்தது இல்லை, திட்டம் போட்டு செய்வது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கே சாட்சி. அமேசான் கம்பெனி தனது பிரைம் சந்தாவில் வாடிக்கையாளர்களை தெளிவான சம்மதம் இல்லாமல் சேர்த்தது, விலகுவதை வேண்டும் என்றே கடினமாக்கியது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023 ஜூன் மாதம் வழக்கு போட்டது. விலகும் வழிக்கு கம்பெனிக்குள் வைத்திருந்த பெயர் 'இலியட்' என்று வழக்கில் சொல்லப்பட்டது. இலியட் என்பது கிரேக்க மகாகவி ஹோமர் பாடிய மிக நீண்ட போர்க்காவியம். நம் ஊர் கணக்கில் சொன்னால், விலகுவதற்கு மகாபாரதம் என்று பெயர் வைத்த மாதிரி!

2025 செப்டம்பரில் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. தவறை ஒப்புக்கொள்ளாமலே 250 கோடி டாலர் கொடுக்க அமேசான் சம்மதித்தது. அதில் 150 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்கு திருப்பிக் கொடுக்க, மீதி 100 கோடி அபராதம்.

இந்தியாவிலும் சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ஒரு வழிகாட்டு விதியை வெளியிட்டது. இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 தந்திரங்களை பட்டியல் போட்டு, இவை கூடாது என்று சொன்னது. அதில் ஒன்று 'சந்தா பொறி'. விலகும் வழியை ஒளித்து வைப்பது, சுற்ற விடுவது, இலவசம் என்று சொல்லி ஆட்டோபேக்கு சம்மதம் வாங்குவது எல்லாம் இதில் வரும். "வேண்டாம்" என்று சொல்பவரை குற்ற உணர்ச்சியில் நெளிய வைக்கிற மாதிரி வாசகம் போடுவதும் தனியாக ஒரு தந்திரமாக பட்டியலில் இருக்கிறது. 2025 ஜூன் மாதம், இப்படி ஏதும் இருக்கிறதா என்று 3 மாதத்துக்குள் தாங்களே சோதித்துக்கொள்ளும்படி இணைய வர்த்தக கம்பெனிகளுக்கு ஆணையம் அறிவுரை அனுப்பியது. திருடனையே ரோந்து போகச் சொன்ன மாதிரி என்று இதை கிண்டல் செய்யலாம். ஆனால் புகார் கொடுப்பவர் கையில் பிடித்துக்கொள்ள ஒரு விதி இருக்கிறது என்பது முக்கியம்.

காலர் டியூன் ஞாபகம் இருக்கிறதா?

பட்டன் போன் வைத்திருந்த காலத்திலும் இதே வியாதி இருந்தது. ஏதோ ஒரு பட்டனை அமுக்கினால் காலர் டியூன் வந்து ஒட்டிக்கொள்ளும். ராசி பலன், கிரிக்கெட் ஸ்கோர், ஜோக் என்று மாதம் 30 ரூபாய் பேலன்சில் இருந்து மாயமாகும். டாப்-அப் கடையில் போய் சண்டை போட்டவர்கள் எத்தனை பேர்!

புகார்கள் குவிந்த பிறகு, தொலைத்தொடர்பு ஆணையமான 'டிராய்' 2013 ஜூலையில் ஒரு உத்தரவு போட்டது. இப்படிப்பட்ட சேவையை தொடங்குவதற்கு வாடிக்கையாளரிடம் இரண்டு தடவை சம்மதம் வாங்க வேண்டும் என்றது. நிறுத்துவதற்கு எல்லா கம்பெனிக்கும் பொதுவாக 155223 என்ற ஒரே எண்ணும் கொண்டு வரப்பட்டது. ஒரு எண், ஒரு போன் கால், முடிந்தது.

சந்தா ஆப்புகளுக்கும் அந்த மாதிரி ஒரே எண் இருந்தால் பாதி புலம்பல் குறைந்துவிடும். இப்போதைக்கு ஆளுக்கு ஆள் தேடித்தான் நிறுத்த வேண்டும்.

எங்கே போய் நிறுத்துவது?

முதலில் பார்க்க வேண்டிய இடம் பணம் அனுப்பும் ஆப். ஜிபே, போன்பே, பேடிஎம் எதுவாக இருந்தாலும் மேலே மூலையில் இருக்கும் நம்முடைய படத்தையோ பெயரின் முதல் எழுத்தையோ தொட்டால் ஒரு பட்டியல் வரும். அதில் 'ஆட்டோபே' என்று இருக்கும். பேடிஎம்மில் 'தானியங்கி கட்டணம்' என்ற பொருளில் வேறு பெயரில் இருக்கலாம். உள்ளே போனால் எந்தெந்த கம்பெனிக்கு உத்தரவு கொடுத்திருக்கிறோம் என்று வரிசையாக தெரியும். முதல் தடவை திறந்து பார்ப்பவர்களில் பலருக்கு அங்கே ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். வேண்டாததை தொட்டு, ரத்து செய்து, பின் நம்பர் போட்டால் உத்தரவு வாபஸ். தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் வசதியும் உண்டு.

இங்கே ஒரு குழப்பம் வரும். போன்பே வழியாக கொடுத்த உத்தரவை ஜிபேயில் தேடிவிட்டு, "ஒண்ணுமே இல்லையே" என்று மூடிவிடுவார்கள். செல்போனில் 3 யு.பி.ஐ. ஆப் இருந்தால் மூன்றையும் திறந்து பார்ப்பதுதான் நல்லது. வங்கியின் சொந்த ஆப்பிலும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

அங்கே இல்லை என்றால் பிளே ஸ்டோர். ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரை திறந்து, படத்தை தொட்டு, 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' போனால் கூகுள் வழியாக கட்டுகிற சந்தாக்கள் இருக்கும். ஐபோனில் செட்டிங்சில் மேலே இருக்கும் நம் பெயரை தொட்டால் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' வரும். வீட்டில் பல ஜிமெயில் கணக்கு இருந்தால் எந்த கணக்கில் சேர்ந்தோமோ அதில்தான் தெரியும். பையனின் ஜிமெயிலில் அம்மாவின் போன் ஓடுகிற வீடுகளில் இது பெரிய தலைவலி.

டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு நம்பர் கொடுத்து சேர்ந்திருந்தால் வங்கியின் ஆப்பிலோ இணையதளத்திலோ 'இ-மேண்டேட்' அல்லது 'ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன்' என்ற பகுதியில் நிறுத்தலாம். முடியாவிட்டால் கிளைக்கே போய் எழுதிக் கொடுக்கலாம்.

ரத்து செய்ததும் அந்த திரையை ஒரு 'ஸ்கிரீன்ஷாட்' எடுத்து வைப்பது நல்லது. பின்னால் சண்டை வந்தால் அதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

1 ரூபாய் கொடுத்து பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆசை இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. சேர்ந்த கையோடு, அதே நிமிஷமே ஆட்டோபேயை ரத்து செய்துவிடலாம். பல சேவைகளில் 7 நாள் முடியும் வரை படம் ஓடும். சிலவற்றில் உடனே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் நஷ்டம் ஒரு ரூபாய்தான்.

குழந்தைகள் கையில் போன் கொடுப்பவர்கள், பின் நம்பரை அவர்களிடம் சொல்லாமல் இருப்பது முக்கியம். "நீயே போட்டுக்கோடா, அம்மா கையில மாவு" என்று சமையல் கட்டில் இருந்தே நம்பரை கத்துகிற வீடுகள் நிறைய. பையன் அதை மறக்கவே மாட்டான்.

போன பணம் திரும்பி வருமா?

வரலாம், வராமலும் போகலாம். ஏன் என்றால் வங்கி முதலில் சொல்வது, "நீங்களே பின் போட்டிருக்கீங்க" என்பதுதான். சட்டப்படி பார்த்தால் அது சம்மதம் கொடுத்த பரிவர்த்தனை. அதனால் முதலில் கேட்க வேண்டியது ஆப் கம்பெனியிடம். ஆப்புக்குள் இருக்கும் 'உதவி' பகுதியிலோ மெயிலிலோ, "சந்தாவை பயன்படுத்தவில்லை, பணத்தை திருப்பித் தரவும்" என்று எழுத வேண்டும். பிளே ஸ்டோர் வழியாக போன பணம் என்றால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே கேட்டுப் பார்க்கலாம்.

அங்கே பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். ஸ்கிரீன்ஷாட், பணம் போன தேதி, பரிவர்த்தனை எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

உத்தரவை ரத்து செய்த பிறகும் பணம் போனால், 24 மணி நேர தகவல் வராமலே போனால் அப்போது வங்கியும் பதில் சொல்ல வேண்டும். யு.பி.ஐ. ஆப்பில் புகார் கொடுத்துவிட்டு வங்கியிலும் எழுத்தில் கொடுக்க வேண்டும். 30 நாளில் தீர்வு இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் இல்லை.

ஆனால் 399 ரூபாய்க்கு யார் கோர்ட்டுக்கு அலைவார்கள்? ஒரு நாள் கூலி போய்விடும். இப்படிப்பட்ட கம்பெனிகள் நம்பி இருப்பதும் அதைத்தான்.

கஸ்டமர் கேர் நம்பரை தேடினால் ஆபத்து

இதுவரை சொன்னது எல்லாம் நூற்றுக்கணக்கில் போகும் பணம். மொத்தமாக போவது இனிமேல்தான்.

பணம் போன ஆத்திரத்தில் பலரும் செய்வது, பிரவுசரை திறந்து அந்த ஆப்பின் பெயரோடு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடுவது. மோசடி கும்பல் காத்திருப்பது அங்கேதான். போலியாக ஒரு பக்கம் போட்டு, தங்கள் நம்பரை வைத்திருப்பார்கள். எதிர்முனையில் பேசுபவர் ரொம்ப மரியாதையாக பேசுவார். "கவலைப்படாதீங்கம்மா, உங்க 399 ரூபாயை இப்பவே திருப்பி போடுறேன். நான் சொல்ற ஆப்பை மட்டும் டவுன்லோடு பண்ணுங்க" என்பார்.

அந்த ஆப்பை போட்டதும் செல்போன் திரை அப்படியே அவருக்கு தெரியும். எனிடெஸ்க் மாதிரியான திரை பகிரும் ஆப்புகளை வைத்து இப்படி நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. "பணம் வர்றதுக்கு பின் போடுங்க" என்பது இன்னொரு வசனம். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் போகும், வராது.

ஆப்புக்கு உள்ளேயோ, பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்திலோ கொடுத்திருக்கும் மெயில், நம்பர் ஆகியவற்றை மட்டும் பயன்படுத்த வேண்டும். இப்படி ஏமாந்து பணம் போய்விட்டால் அழைக்க வேண்டியது 1915 அல்ல, 1930. அது சைபர் குற்றங்களுக்கான உதவி எண். பணம் மோசடிக்காரர்களின் கணக்கில் இருந்து வெளியே எடுக்கப்படுவதற்கு முன்பு புகார் போய்ச் சேர்ந்தால் அதை முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கிறது. விடியட்டும், பையன் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே அழைப்பது நல்லது.